எந்த லினக்ஸ் பரவுகிறது, ஏன்?

புதிதாக லினக்ஸுக்கு வர நினைப்பவர் முதலில் கேட்பது, எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த வழங்கல், போடலாம் என்று. பதில் சொல்பவர்களும் உடனே திரையைக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். இது பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், அது மேக் மாதிரி, இன்னொன்று இரண்டு ஜிபி ராமிலேயே ஓடும். ஆனால் லினக்ஸில் மாற்றுவதற்கு மிகச் சுலபமானதே திரைதான். நோம் என்கிற அதே மேசைத்தளம் ஃபெடோராவிலும் ஓடுகிறது, டெபியனிலும் ஓடுகிறது, ஆர்ச்சிலும் ஓடுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய கெர்னல் எல்லாவற்றுக்கும் பொது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் பொது. சரக்கு ஒன்றே என்னும்போது, நூற்றுக்கணக்கான வழங்கல்களில் சில மட்டும் உலகம் முழுக்கப் பரவியதும் மற்றவை சிறு வட்டத்தோடு நின்றுபோனதும் எதனால்?

ஒரு வழங்கல் நமக்குத் தருவது, இந்த மென்பொருள்களை இத்தனை காலம் இந்த முறையில் பராமரிப்போம் என்ற வாக்கு என்றே நான் கருதுகிறேன். அந்த வாக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது, அதை மீறும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை நம்பி யாரும் அனுமதி கேட்காமல் மேலே கட்டிக்கொண்டு போக முடிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்குள் பரவலின் கதை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இதைப் பார்க்க டெபியன் குடும்பத்தைவிட நல்ல இடம் இல்லை.

1993இல் பெயர்பெற்ற லினக்ஸ் தொகுப்பு எஸ்எல்எஸ். நெகிழ்வட்டுகளாக இறக்கிப் போட வேண்டும், வழுக்கள் மலிந்தது. அதன்மேல் ஏற்பட்ட சலிப்பில் இரண்டு முயற்சிகள் பிறந்தன. ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் அதைச் சீர்செய்து ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். ஸ்லாக்வேர் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்கென்று பக்தர்களும் உண்டு. ஆனால் அது இன்றுவரை பெரும்பாலும் ஒருவரின் கைவேலையாகவே இருக்கிறது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு பொறுப்பாளர், எல்லாப் பொதிகளுக்கும் எழுதிவைத்த ஒரே சட்டம் என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்தேயிராத ஆயிரம் பேர் சேர்ந்து வேலைசெய்ய அந்தச் சட்டம் போதுமாக இருந்தது. எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும், ஒரு பொதி இன்னொன்றை எப்படிச் சார்ந்திருக்கலாம், நீக்கும்போது எதை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் டெபியன் கொள்கை ஏட்டில் இருக்கிறது. படிக்கச் சுவாரசியமில்லாத ஆவணம். டெபியன் சாதித்தவற்றில் பாதி அதனால்தான் நடந்தது.

ஒரு சின்ன இடத்தைப் பார்க்கலாம். ஒரு சர்வரில் அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் நீங்கள் நாலு வரி மாற்றியிருக்கிறீர்கள். ஓராண்டு கழித்துப் பதிப்பை உயர்த்துகிறீர்கள். புதிய பொதியோடு அந்தக் கோப்பின் புதிய பிரதியும் வருகிறது. டெபியன் அங்கே நின்றுவிடும். இந்தக் கோப்பை நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள், பொதியின் பிரதியும் மாறியிருக்கிறது, எது வேண்டும் என்று கேட்கும். டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் காட்டும். ஒன்றும் யோசிக்காமல் என்டர் தட்டினால் உங்கள் கோப்பே நிற்கும். பயனர் எழுதியதை இயங்குதளம் கேட்காமல் அழிக்கக் கூடாது என்கிற விதி அது. வட்டைத் துடைத்து மறுபடி நிறுவாமல், பதிப்பு மாற்றிப் பதிப்பாகப் பத்தாண்டு ஓடும் டெபியன் சர்வர்கள் இருப்பதற்கு இந்த மாதிரி விதிகளே காரணம்.

1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 பதிப்போடு ஏபிடி என்னும் பொதி நிறுவும் கருவி வந்தது. ஒரு பொதியைக் கேட்டால் அது சார்ந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்து இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுவிடும். ரெட் ஹேட் பக்கம் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் ஒரு ஆர்பிஎம் கோப்பு இன்னொன்றைக் கேட்க, அது வேறொன்றைக் கேட்க, ஒவ்வொன்றாக வலையில் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களுக்கும் யம் என்னும் கருவி வந்தது, இன்று அந்த வித்தியாசம் இல்லை. ஆனாலும் கருவி நன்றாக வேலைசெய்ததற்குப் பொதிகள் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்ததும் காரணம். இந்தச் சட்டம் இல்லாத குவியலின்மேல் எந்தக் கருவியை வைத்தாலும் தடுமாறும்.

அடுத்தது, புதுமைக்கும் நிதானத்துக்கும் இடையிலான பழைய சண்டை. டெபியன் அதை மூன்று தளங்களாகப் பிரித்துத் தீர்த்தது. புதிய பொதி முதலில் 'சிட்' என்னும் நிலையற்ற தளத்துக்குப் போகும். சில நாள் அங்கே பெரிய வழு எதுவும் புகாராகாமல் இருந்தால் சோதனைத் தளத்துக்கு நகரும். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனைத் தளத்தை உறையவைத்து நிலைப் பதிப்பாக வெளியிடுவார்கள்; அதற்குப் பிறகு அதில் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கிய வழுத் திருத்தங்களும் மட்டும்தான் வரும்.

இந்த ஏற்பாட்டின் பயன் 2024 மார்ச் 29 அன்று பளிச்சென்று தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் அன்ட்ரேஸ் ஃபிராய்ன்ட், தம்முடைய டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டிப்பார்த்தபோது, எக்ஸ்இசட் என்னும் கோப்பு சுருக்கும் நூலகத்தில் யாரோ ஒரு பின்கதவைச் செருகியிருப்பது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து நம்பிக்கை பெற்று அந்தத் திட்டத்தின் இணைப் பராமரிப்பாளராக ஆகி, இதைச் செய்திருந்தார். சிட்டிலும் சோதனைத் தளத்திலும் அந்தப் பதிப்பு வந்துவிட்டது. நிலைப் பதிப்புக்கு வரவில்லை. ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளை உட்பட வேகமாக ஓடும் வழங்கல்கள் பல அதை எடுத்திருந்தன. உலகின் பெரும்பான்மையான சர்வர்கள் மெதுவாக ஓடும் பதிப்புகளில் இருந்ததால் தப்பின.

இதை டெபியனின் வெற்றியாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் நேர்மையாகாது. எக்ஸ்இசட்டோடு எஸ்எஸ்ஹெச்சுக்கு நேரடித் தொடர்பே கிடையாது. கணினியின் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதற்காக டெபியனும் ஃபெடோராவும் தாங்களாகச் சேர்த்த ஒட்டு வழியாகத்தான் அந்த நூலகம் உள்ளே வந்தது. இதற்கு முன்னோடியும் இருக்கிறது. 2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வரிதான் மறைகுறிச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மையைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது செயல்முறை எண் மட்டும். விளைவாக, ஒரே வகையிலும் ஒரே நீளத்திலும் அந்தக் கணினிகள் உருவாக்கக்கூடிய சாவிகள் மொத்தமே 32,767. 2008 மே மாதம்வரை யாரும் கவனிக்கவில்லை; டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவும் அதே பொதியைச் சுமந்துகொண்டிருந்தது. மூல ஆசிரியரின் நிரலில் வழங்கல்காரர் கைவைப்பது எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆபத்து. பரவியிருப்பதன் விலை அது: ஓர் இடத்தில் எடுத்த வரி ஒன்று லட்சக்கணக்கான இயந்திரங்களில் இல்லாமல் போகும்.

எந்த வேலைக்கும் வளைந்துகொடுக்கும் தன்மை டெபியனுக்கு எப்படி வந்தது என்பதற்கு ராஸ்பெர்ரி பை நல்ல உதாரணம். 2012இல் அந்தச் சிறு கணினி வந்தபோது அதிலிருந்த ஆர்ம் சில்லு பழைய ஆறாம் தலைமுறை. டெபியனின் வேகமான ஆர்ம் பதிப்பு ஏழாம் தலைமுறைக்காகக் கட்டப்பட்டது, அதில் ஓடாது. பழைய சில்லுகளுக்கான பதிப்பு ஓடும், ஆனால் தசமக் கணக்குகளை மென்பொருளிலேயே போடுவதால் மந்தம். இரண்டு ஆர்வலர்கள் உட்கார்ந்து டெபியனின் களஞ்சியத்தை அந்தச் சில்லுக்கென்றே மறுபடி கட்டினார்கள். அதுதான் ராஸ்பியன். யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லை, கட்டணம் கட்டவில்லை, டெபியனிடம் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பொதிகளும் மூலநிரலிலிருந்து ஒரே முறையில் தானாகக் கட்டப்படும்படி இருந்ததால் சிலர் சேர்ந்து அதைச் செய்ய முடிந்தது. பின்னால் பள்ளி மாணவர்கள் கையில் லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்த அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை டெபியனின் வழித்தோன்றலைத்தான் ஓட்டின. குறுந்தட்டிலிருந்தே நேராக ஓடிய நாப்பிக்ஸ், மின்ட், உபுண்டு என்று இந்தப் பட்டியல் நீளும். டெபியனை நேரடியாக நிறுவியவர்களைவிட அதன் வழித்தோன்றல்கள் மூலம் அதைத் தொட்டவர்களே அதிகம்.

அப்படியானால் டெபியனே ஏன் வீட்டுக்கு வீடு போகவில்லை? தேதி இல்லாததால். 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பது அவர்கள் கொள்கை. 2002 ஜூலையில் 3.0 வந்தது, அடுத்த பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. மூன்றாண்டுப் பழைய கெர்னல் அப்போது புதிதாக வாங்கிய மடிக்கணினியை அடையாளம் கண்டுகொள்ளாது. இந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபர் 20 அன்று, தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் பணத்தில் உபுண்டு வந்தது. டெபியனின் சிட் தளத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படியெடுத்துச் சீர்செய்து, சொன்ன மாதத்தில் வெளியிடுவது என்பது அவர்கள் கண்ட வழி. பதிப்பின் எண்ணே ஆண்டும் மாதமும்தான். 2006இல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்கிற எல்டிஎஸ் வந்தது. இரண்டாண்டுக்கு ஒன்று என்று அது நிலைபெற்றபின் கம்பெனிகள் அதை நம்பித் திட்டம் போடத் தொடங்கின. கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் குறுந்தட்டைத் தபாலில் அனுப்பிய ஷிப்இட் திட்டம் 2011வரை நடந்தது. அந்த ஆண்டுகளில் நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் படித்த பலருக்கு அந்த உறை நினைவிருக்கும். பிராட்பேண்ட் இல்லாத விடுதிகளுக்கு அதுதான் லினக்ஸ் வந்த வழி.

தேதியின் பலனை ரோபாட் துறையில் பார்க்கலாம். ராஸ் என்று சொல்லப்படும் ரோபாட் மென்பொருள் தளம் ஒவ்வொரு முக்கியப் பதிப்பையும் ஓர் உபுண்டு எல்டிஎஸ்ஸோடு பிணைத்துக்கொண்டது. நோயட்டிக் 20.04க்கு, ஹம்பிள் 22.04க்கு, ஜாஸி 24.04க்கு. அடுத்த எல்டிஎஸ் எந்த ஏப்ரலில் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் இது சாத்தியம். ஒரு துறையே இப்படி வந்து சேர்ந்தபிறகு, பிழைச்செய்தியைக் கூகுளில் போட்டால் உபுண்டுவுக்கான விடைதான் முதலில் வரும். விடை கிடைப்பதால் புதியவர்களும் அதையே போடுவார்கள். பரவல் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் கட்டம் அது. அதற்குப் பிறகு தரத்தில் ஒன்றிரண்டு படி மேலான இன்னொரு வழங்கல் வந்தாலும் அசைக்க முடியாது.

ஆனால் உபுண்டு ஒரு கம்பெனியின் சொத்து. யூனிட்டி என்று சொந்த மேசைத்தளம் கட்டி 2017இல் கைவிட்டார்கள். 2012இல் மேசைத்தளத் தேடலுக்குள் அமேசான் விற்பனை முடிவுகளைக் கொண்டுவந்து திட்டு வாங்கினார்கள். உபுண்டு தன் சொந்தப் பொதிமுறையான ஸ்னாப்பைக் கட்டாயப்படுத்துவதாகச் சொல்லி 2020இல் லினக்ஸ் மின்ட் அதைத் தன் பதிப்பில் அடைத்தேவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு உபுண்டு பெரிதாக ஆட்டங்காணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திரை மாறினால் பயனர்கள் முணுமுணுப்பார்கள். ஆதரவுக் காலம் மாறினால்தான் வெளியேறுவார்கள்.

ரெட் ஹேட் கதை அதைத்தான் காட்டுகிறது. வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் ரெட் ஹேட் என்டர்பிரைசுக்குப் பணம் கட்டுவது, ஆரக்கிள், எஸ்ஏபி போன்ற மென்பொருள்கள் அதன்மேல் ஓடும் என்று சான்றளிக்கப்பட்டிருப்பதாலும், ஒரு பதிப்புக்குப் பத்தாண்டு ஆதரவு கிடைப்பதாலும். பணம் கட்ட மனமில்லாதவர்களுக்கு அதே மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட சென்ட்ஓஎஸ் இருந்தது. 2014இல் ரெட் ஹேட்டே அதைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. 2020 டிசம்பர் 8 அன்று, 2029வரை ஆதரவு என்று நம்பப்பட்டிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடியும் என்று அறிவிப்பு வந்தது. ஏழாண்டுக்கு மேல் ஒரே நாளில் போயிற்று. மென்பொருளில் ஒரு பைட் மாறவில்லை, பயனர்கள் கொதித்துப்போனார்கள். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர் ராக்கி லினக்ஸை அறிவித்தார், அல்மாலினக்ஸும் வந்தது. தங்கள் சொந்த சயன்டிஃபிக் லினக்ஸைக் கைவிட்டுச் சென்ட்ஓஎஸ்ஸை நம்பியிருந்த செர்ன், ஃபெர்மிலேப் ஆய்வகங்கள் 2022 டிசம்பரில் அல்மாவைத் தங்கள் பொது வழங்கலாக அறிவித்தன. டெபியனுக்கு இந்த மாதிரி நேராததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் இல்லை. விற்பதற்கு அங்கே கம்பெனியே கிடையாது. முடிவை மாற்ற வேண்டுமென்றால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும்.

டெபியனில் வாக்கெடுப்புகளும் இழுபறிதான். சிஸ்டம்டியை ஏற்பதா என்று 2014இல் தொழில்நுட்பக் குழு சமமாகப் பிளந்து, தலைவரின் வாக்கால் முடிவாயிற்று. பிடிக்காதவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள். பரவலைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது 2022 அக்டோபரில் முடிந்த வாக்கெடுப்பு. அதுவரை டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் இருக்கும். கொள்கையாக அழகு. நடைமுறையில், மடிக்கணினியில் நிறுவத் தொடங்கினால் வைஃபை சில்லுக்கான ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, அதை ஒரு பென்டிரைவில் கொண்டுவா என்று நிறுவி கேட்கும். இறக்கலாம் என்றால் அந்தக் கணினியில் இணையமே இல்லை. இந்த இடத்திலேயே டெபியனைக் கைவிட்டு உபுண்டுவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். வாக்கெடுப்பில் கொள்கையை ஓரளவு தளர்த்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரையும் நிறுவியிலேயே சேர்த்தார்கள். பத்தாண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்பது என் கட்சி. கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சிலர் இதற்காக என்னோடு இன்னமும் சண்டைபோடுவார்கள்.

சிறிதாக இருப்பதும் ஒரு வழி என்று ஆல்பைன் என்னும் வழங்கல் காட்டியது. டாக்கர் கலன்கள் வந்தபிறகு, ஐந்து மெகாபைட் அளவே உள்ள அதன் அடிப்படைப் படிமம் எங்கும் பரவிற்று. ஆனால் அது வழக்கமான சி நூலகமான ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் நூலகத்தைப் பயன்படுத்துவது. பைத்தானின் ஆயத்தக் கட்டுகள் நெடுநாள் ஜிலிப்சிக்கு மட்டுமே இருந்தன. ஆல்பைனில் நம்பை என்னும் கணக்கு நூலகத்தைப் போட்டால் மூலத்திலிருந்து கட்ட ஆரம்பித்துவிடும், டீ குடித்துவிட்டு வரலாம். இன்று அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது என்றாலும், பலர் டெபியனின் மெலிந்த படிமத்துக்கே திரும்பிவிட்டார்கள். எந்தப் பொதியும் தடங்கலின்றி ஓடும் என்ற உறுதி, சில பத்து மெகாபைட் மிச்சத்தைவிடப் பெரிது.

அரசுகள் முயன்ற வழங்கல்கள் தனி அத்தியாயம். மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லிமக்ஸ் என்னும் தன் சொந்த வழங்கலுக்கு மாற்றியது. 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. இந்தியாவில் சி-டாக் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் போடப்பட்டு வந்தது. ஆனால் பாடத்திலோ தேர்விலோ அதற்கு வேலையில்லை. மாணவர்கள் ஒருமுறை திறந்துபார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், பலர் அந்தப் பகுதியை அழித்துச் சினிமா வைத்துக்கொண்டார்கள். கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டமும் பின்வந்த கைட் நிறுவனமும் முதலில் டெபியனையும் பிறகு உபுண்டுவையும் வைத்துப் பள்ளிகளுக்கான வழங்கலைச் செய்தன. தொழில்நுட்பத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூல் அதை வைத்தே எழுதப்பட்டது, பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கிறது. 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது தற்செயல் இல்லை.

தமிழுக்கு ஒரு வழங்கல் எவ்வளவு ஒத்துவரும் என்று பார்க்க எனக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நிறுவி முடித்தவுடன் தமிழ்99 விசைப்பலகை எத்தனை படியில் வருகிறது? டெபியனில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டு, வெளியேறி மறுபடி நுழைந்து, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99ஐத் தேர்ந்தால் போதும். லோகித் எழுத்துருவும் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அந்தப் பொதியின் பெயர் தெரியாதவருக்கு இதுவும் காத தூரம். வசதி இருக்கிறது, வாசலில் பெயர்ப்பலகை இல்லை என்பது டெபியனின் பிறவிக்குணம்.

இப்போது எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று வருகிறது. வால்வ் நிறுவனம் 2013இல் ஸ்டீம்ஓஎஸ்ஸை டெபியனின்மேல் கட்டியது. 2022இல் ஸ்டீம் டெக் வந்தபோது ஆர்ச்சுக்கு மாறியிருந்தது. ஆர்ச் நிலைப் பதிப்பு என்று எந்த வாக்கும் கொடுப்பதில்லை. நாள்தோறும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மேலே சொன்னதற்கு இது மறுப்புப் போலத் தோன்றும். ஆனால் டெக் வாங்கியவர் ஆர்ச்சைத் தொடுவதே இல்லை. வால்வ் ஆர்ச்சின் பொதிகளை ஒரு புள்ளியில் உறையவைத்து, சோதித்து, எழுத முடியாத முழுப் படிமமாக அனுப்புகிறது. பயனருக்கு வேண்டிய மென்பொருள் ஃப்ளாட்பேக் என்னும் பொதிமுறை வழியாகத் தனியே வருகிறது. டெபியனில் தன்னார்வலர்கள் செய்யும் உறையவைக்கும் வேலையை இங்கே ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்துச் செய்விக்கிறது. அதற்கு வசதியுள்ளவர்களுக்கு வேகமான மூலமே போதும். ஒரே ஆளை வைத்து அறுபது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கலைக்கல்லூரி ஆய்வகம் அப்படிச் செய்ய முடியாது. அங்கே யாராவது என்னைக் கேட்டால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐப் போடச் சொல்வேன், அதில் 32-பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு.